பழையவரை வீட்டை விட்டுத் துரத்தாதீர்கள்!

"ஏண்டி, என் கம்ப்யூட்டரைத் திறந்தால் வாசலிலேயே ஆறு பேர் வரிசையாக நிற்கிறார்களே, யாரடி இவர்களெல்லாம்?"

மாம்பலத்து அத்தை டெலிபோனில் இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்தது தப்பு என்று பின்னால் தெரிந்தது. அந்த வரிசையை ஒழுங்கு பண்ணுகிறேன் பேர்வழி என்று நான் மூன்று தடவை அதில் கை வைத்தேன். மூன்று தடவையும் குட்டுப்பட்டேன். முதல் இரண்டு குட்டும் என் தலையோடு போயிற்று. மூன்றாவது குட்டு பாவம், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் தலையில் விழுந்தது. அந்தக் கதையைச் சொன்னால் நாலு வீட்டில் யாராவது ஜாக்கிரதையாக இருப்பார்களே என்றுதான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன்.

அத்தை ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. ஓய்வு என்பது பள்ளிக்கூடத்துக்குத்தான், அத்தைக்கு இல்லை. தினம் மாலை ஆறு மணிக்குக் கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார்ந்து, பத்தாம் வகுப்புப் பெண்கள் ஆறு பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். காலணா வாங்குவதில்லை. கம்ப்யூட்டர் வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. அதிலிருந்த விண்டோஸ் 10க்கு 2025ம் வருஷம் அக்டோபர் 14ந் தேதியோடு இலவசப் பாதுகாப்பு உதவி நின்றுவிடும் என்று முன்னதாகவே அறிவிப்பு வந்தது. அடுத்ததான விண்டோஸ் 11ஐப் போடலாமென்றால், அது கேட்கும் சில்லுகள் இந்தப் பழைய பெட்டியில் கிடையாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைக் காயலான் கடைக்குப் போட அத்தைக்கு மனசு வரவில்லை. அந்த வருஷக் கோடை விடுமுறையில் நான்தான் விண்டோஸை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்திலேயே உபுண்டு என்கிற லினக்ஸையும் போட்டுக் கொடுத்தேன்.

இது அத்தை வீட்டு அதிசயம் மட்டும் அல்ல. 2011 முதல் தமிழ்நாட்டு அரசாங்கம் மாணவ மாணவிகளுக்கு இலவசமாகக் கொடுத்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. அதைப் போட்டவுடன் "இது வேண்டுமா, அது வேண்டுமா?" என்று கேட்கும் பட்டியலை நம் வீட்டுப் பெண்கள் பலர் பார்த்திருப்பார்கள். அத்தை வாசலில் நின்ற ஆறு பேரும் அந்தப் பட்டியல்தான்.

பட்டாளத்துக் கர்னல் அல்ல

அந்தப் பட்டியலில் முதலாவது 'உபுண்டு'. இரண்டாவது 'உபுண்டுவுக்கான மேற்கொண்டு வழிகள்' என்று பொருள்படும் ஒரு வரி. அதைத் திறந்தால் உள்ளே இன்னொரு கும்பல். மூன்றாவதும் நாலாவதும் நினைவகப் பரிசோதனை. ஐந்தாவது விண்டோஸ். ஆறாவது, பெட்டியின் அடிப்படை அமைப்புகளுக்குப் போகும் வழி. எல்லாம் இங்கிலீஷில் இருக்கும்.

இரண்டாவது வரிக்குள்ளே இருக்கும் கும்பலுக்குக் 'கர்னல்' என்று பெயர். பட்டாளத்துக் கர்னலை நினைத்துக்கொள்ளாதீர்கள். கொட்டையை உடைத்தால் உள்ளே பருப்பு இருக்கிறதல்லவா, அதற்கு இங்கிலீஷில் உள்ள பெயர் இது. பெட்டி ஓடுவதற்கு வேண்டிய உள் பருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய காலத்துப் பெரிய வீடுகளில் காரியஸ்தர் என்று ஒருவர் இருப்பார். சமையற்காரருக்கு அரிசி வேண்டுமா, வண்டிக்காரனுக்குச் சாட்டை வேண்டுமா, எல்லாம் அவரைக் கேட்டுத்தான். கர்னலும் அப்படித்தான். படம் பார்க்கும் புரோகிராமோ, கடிதம் எழுதும் புரோகிராமோ நேரே போய்த் திரையையும் விசைப்பலகையையும் தொட முடியாது. வட்டில் எழுத முடியாது. வை-ஃபையில் பேச முடியாது. எல்லாவற்றுக்கும் கர்னலிடம் விண்ணப்பம் போட வேண்டும்.

லினக்ஸ் கர்னலை 1991ம் வருஷத்தில் எழுதத் தொடங்கியவர் பின்லாந்து தேசத்தில் ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த 21 வயதுப் பையன், லினஸ் டோர்வால்ட்ஸ். இன்று உங்கள் கையிலிருக்கும் போன் ஆண்ட்ராய்டாக இருந்தால் அதற்குள்ளே உட்கார்ந்திருப்பதும் அந்தக் கர்னலின் வாரிசுதான். உலகெங்கும் ஆயிரக்கணக்கான பேர் அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு தடவை புதுப் பதிப்பு வந்துவிடுகிறது. நடுவே கண்டுபிடிக்கப்படும் ஓட்டை உடைசல்களை அடைத்து, உபுண்டு போன்றவர்கள் அடிக்கடி திருத்திய கர்னல்களை அனுப்புகிறார்கள்.

இங்கேதான் ஒரு விசேஷம். மற்றப் புரோகிராம்கள் புதுப்பிக்கப்படும்போது பழையது போய் அதே இடத்தில் புதியது வந்து உட்காரும். கர்னல் விஷயத்தில் அப்படி இல்லை. புதியவர் வந்த பிறகும் பழையவர் வீட்டிலேயே இருப்பார். புதியவருக்கு உங்கள் பெட்டியில் ஏதாவது ஒரு சாமான் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், பழையவரைக் கூப்பிட்டு அன்றைய பொழுதைத் தள்ளலாமே என்றுதான் இந்த ஏற்பாடு. ஒவ்வொரு கர்னலுக்கும் பட்டியலில் இரண்டு வரி: ஒன்று சாதாரணமாகத் தொடங்க, இன்னொன்று பழுது பார்க்க. மூன்று கர்னல் இருந்தால் ஆறு வரி ஆயிற்று. கும்பல் கூடியதன் காரணம் இதுதான்.

பட்டியலை நமக்குக் காட்டுகிற ஆசாமிக்குப் பெயர் 'க்ரப்'. எரிக் போலின் என்பவர் 1995ல் எழுதத் தொடங்கியது. இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்குச் சாப்பாடு என்றும் அர்த்தம், புழு என்றும் அர்த்தம். எனக்கு முதலில் புழுவாகத்தான் இருந்தது.

முதல் குட்டு

பட்டியல் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடினேன். 'பூட்' என்ற அறையில், 'க்ரப்' என்ற அலமாரியில், 'க்ரப்.சிஎஃப்ஜி' என்று ஒரு ஏடு இருந்தது. திறந்தால் எல்லா வரிகளும் அச்சடித்தாற்போல் இருந்தன. 'இதைத் திருத்தாதே' என்று தலையிலேயே எழுதியிருந்தது. தலையில் எழுதியிருப்பதை யார் படிக்கிறார்கள்? அத்தைக்கு வேண்டாத வரிகளையெல்லாம் அடித்தேன். மறுபடி பெட்டியைப் போட்டால் வாசலில் இரண்டே பேர். அத்தைக்கு ஆனந்தம்; எனக்குப் பெருமை.

பத்து நாள் ஆயிற்று. டெலிபோன் வந்தது. "எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்களடி!"

சமாசாரம் இதுதான். அந்த ஏடு மனிதர் எழுதியது அல்ல. புதுக் கர்னல் ஒன்று வரும்போதெல்லாம், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து இயந்திரமே முதலிலிருந்து புதிதாக எழுதிக்கொள்ளும் ஏடு அது. நாம் அடித்ததெல்லாம் போச்சு. ரேஷன் கார்டில் பெயரை அடித்துவிட்டால் வீட்டிலிருக்கும் ஆள் காணாமல் போய்விடுவானா?

நம்முடைய இஷ்டத்தைச் சொல்ல வேண்டிய இடம் வேறு. 'இடிசி' என்ற அறையில் 'டிஃபால்ட்' என்ற தட்டில் 'க்ரப்' என்று ஒரு சின்ன ஏடு இருக்கிறது. 'எந்த வரி தானாகத் தொடங்க வேண்டும்', 'எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும்', 'பழுது பார்க்கும் வரிகள் வேண்டுமா' என்று அதில் எழுதி வைத்து, பிறகு 'சூடோ அப்டேட்-க்ரப்' என்ற கட்டளையைக் கொடுத்தால், அதன்படி பெரிய ஏடு மறுபடி எழுதப்படும். கட்டளைகளை நான் இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது இங்கிலீஷ் எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

இரண்டாவது குட்டு

புத்தி வந்தது, அரைகுறையாக. இந்தத் தடவை சின்ன ஏட்டிலேயே எழுதினேன். உள்ளே ஒளிந்திருக்கும் கும்பல் வெளிப்படையாகத் தெரியட்டும் என்று, உள்பட்டியலை நீக்கும் 'க்ரப்_டிஸேபிள்_ஸப்மெனு' என்ற வரியைச் சேர்த்து அதற்கு எதிரே 'ஒய்' என்று போட்டேன். அப்போது வீட்டில் இரண்டு கர்னல். நாலு வரி அவர்களுக்கு, இரண்டு வரி நினைவகப் பரிசோதனைக்கு, ஏழாவது வரி விண்டோஸ். லினக்ஸ் கைக்குப் பழகும் வரையில் விண்டோஸே தானாகத் தொடங்கட்டும் என்று அத்தை சொன்னாள். க்ரப் ஒன்றிலிருந்து எண்ணுவதில்லை, பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஆகவே ஏழாவது வரிக்கு 6. 'க்ரப்_டிஃபால்ட்' என்ற இடத்தில் 6 என்று எழுதிவிட்டு வந்தேன்.

மறு மாதம் ஒரு நாள் காலை: "நீலத் திரையில் ஏதோ எண்ணிக்கொண்டே இருக்கிறதடி. இரண்டு மணி நேரம் ஆயிற்று. பாதியில் நிறுத்தினால் கெட்டுவிடுமோ என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்."

நடந்தது என்ன? மூன்றாவது கர்னல் ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார். அவருக்கு இரண்டு வரி. மற்றவர்கள் எல்லோரும் இரண்டு இடம் கீழே தள்ளப்பட்டார்கள். விண்டோஸ் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது நினைவகப் பரிசோதனை. க்ரப் ஆளைப் பார்க்கவில்லை. நாற்காலி நம்பரைப் பார்த்தது. நம்பர் போட்டு ஆளைக் கூப்பிட்டால் இப்படித்தான் ஆகும்.

"நல்ல வேளை, பெட்டிக்கு ஞாபக சக்தி பரவாயில்லை என்று தெரிந்தது" என்றாள் அத்தை. "எனக்கும் அப்படி ஒரு பரிசோதனை இருந்தால் சொல்லு."

இதற்கு மாற்று, நம்பரை விட்டுவிட்டுப் பெயரை எழுதுவது. பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஓர் எழுத்துப் பிசகாமல், மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். அல்லது 'க்ரப்_டிஃபால்ட்' என்பதற்கு எதிரே 'ஸேவ்ட்' என்றும், 'க்ரப்_ஸேவ்டிஃபால்ட்' என்பதற்கு எதிரே 'ட்ரூ' என்றும் எழுதிவிட்டால், கடைசியாக நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதையே அடுத்த தடவையும் ஞாபகமாகத் தொடங்கும். அத்தைக்கு இரண்டாவது யோசனை பிடித்தது. உள்பட்டியலை நீக்கிய வரியையும் எடுத்துவிட்டேன். கும்பல் மறுபடி உள்ளே போயிற்று.

மூன்றாவது குட்டு

செப்டம்பர் மாதம். காலாண்டுப் பரீட்சைக் காலம். மறுநாள் கணக்குப் பரீட்சை. அன்று மத்தியானம் அத்தை வீட்டில் சாப்பாடு. சாப்பிட்ட தெம்பில் கம்ப்யூட்டர் எதிரே உட்கார்ந்தேன். புதுப்பிப்புகள் காத்திருந்தன. போட்டேன். அதில் புதுக் கர்னல் ஒன்று வந்தது, பழையவர்கள் 6.11 வம்சம், இவர் 6.14. உள்பட்டியலில் இப்போது நாலு கர்னல், எட்டு வரி. "ஏண்டி, குப்பை சேர்ந்துகொண்டே போகிறதே" என்றாள் அத்தை, சோபாவிலிருந்து.

பட்டியலைக் குறைக்க வழி, ஏட்டில் அடிப்பது அல்ல. வீட்டிலிருந்து ஆளை அனுப்புவதுதான் என்று எனக்கு இப்போது தெரியுமே! பழையவர்கள் மூன்று பேரையும் நீக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். இரண்டு பேர் பேசாமல் போனார்கள். மூன்றாமவரிடம் வந்ததும் திரை நிறைய ஓர் எச்சரிக்கை. 'இப்போது ஓடிக்கொண்டிருப்பதே இந்தக் கர்னல்தான். இதை நீக்கினால் பெட்டி எழுந்திருக்காமல் போகலாம்' என்று சொல்லி, 'நீக்குவதைக் கைவிடலாமா?' என்று கேட்டது. நான் எச்சரிக்கையைப் படிக்கவில்லை; கேள்வியை மட்டும் பார்த்தேன். கைவிடவாவது! 'வேண்டாம்' என்று அழுத்தினேன். அவரும் போனார்.

புதியவரை நான் ஒரு தடவைகூட வேலை வாங்கிப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஐந்தே முக்காலுக்கு அத்தை பெட்டியை அணைத்துப் போட்டாள். திரை வந்தது. விசைப்பலகை வேலை செய்தது. வை-ஃபை இல்லை. அத்தை பெட்டியின் சொந்த வை-ஃபை எப்போதோ போய்விட்டது. பக்கவாட்டில் செருகிய கட்டைவிரல் நகமளவு துண்டு ஒன்றில்தான் காலட்சேபம். அந்தத் துண்டை ஓட்டும் டிரைவர் கர்னலோடு கூட வருவது அல்ல. தனியாக வாங்கிச் சேர்த்தது. கர்னல் மாறும்போதெல்லாம் புதியவரின் அளவுக்கு அதை மறுபடி தைத்தாக வேண்டும். 6.11க்குத் தைத்த சட்டை 6.14க்குப் பொருந்தவில்லை. சாதாரணமாக இது ஒரு பெரிய விஷயமே அல்ல. உள்பட்டியலைத் திறந்து பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துபோகும். உள்பட்டியலைத் திறந்தேன். பழைய கர்னல் எங்கே? நான்தான் மூன்று பேரையும் தெருவில் விட்டேனே!

"விண்டோஸ் இருக்கிறதே!" என்பீர்கள். நானும் அங்கேதான் ஓடினேன். இரண்டு மாதமாகத் தொடாத விண்டோஸ், திறந்தவுடன் பாக்கி வைத்திருந்த புதுப்பிப்பு வேலையை ஆரம்பித்துச் சதவிகிதம் எண்ணத் தொடங்கியது. முப்பதில் ரொம்ப நேரம் நின்றது. மணி ஆறே கால், ஆறரை. அத்தையின் செல்போனில் ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டு, "டீச்சர், இன்றைக்கு கிளாஸ் உண்டா?" என்று கேட்டார்கள். கைப்பேசியைக் கம்பியால் பெட்டியோடு இணைத்து அதன் இன்டர்நெட்டைக் கடன் வாங்கலாம் என்ற எளிய விஷயம் எனக்கு ஏழு மணி தாண்டித்தான் உறைத்தது. பதற்றத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது?

ஏழரைக்கு வகுப்பு ஆரம்பமாயிற்று. ஐந்து பேர் வந்தார்கள். ஆறாவது பெண் வரவில்லை. அந்த வீட்டில் ஒரே ஒரு போன், அது தகப்பனாருடையது. அவர் ஏழு மணிக்கு இரவு ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார். போனும் அவரோடு போய்விடும். ஆறு பேரில் கணக்கு மிகவும் தகராறாக இருந்தது அந்தப் பெண்ணுக்குத்தான். அன்று அவளுக்காகத்தான் அத்தை திரிகோணமிதியை எடுத்து வைத்திருந்தாள்.

அத்தை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வகுப்பு முடிந்த பிறகு, "காலையில் சீக்கிரம் எழுப்பு" என்றாள். மறுநாள் ஆறரை மணிக்கு ஆட்டோ பிடித்து அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், வாசற்படியில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் சொல்லிக் கொடுத்தாள். நான் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது அத்தை சொன்னது இவ்வளவுதான்: "புதுசாக வந்தவன் நாலு நாள் வேலை செய்து காட்டுகிற வரைக்கும் பழையவனுக்குக் கணக்குத் தீர்க்கக் கூடாதடி. சமையலுக்கு ஆள் வைத்துப் பழகியவளுக்கு இது தெரியும்."

இனி என்ன செய்ய வேண்டும்?

கைப்பேசியின் இன்டர்நெட்டை வைத்துக்கொண்டு பழைய 6.11 கர்னலையும், டிரைவர் தைப்பதற்கு வேண்டிய அதன் துணைப் பொதிகளையும் மறுபடி தருவித்தேன். பழையவர் வந்ததும் வை-ஃபையும் வந்தது. சில வாரங்களில் அந்த டிரைவரின் திருத்திய பதிப்பு கிடைத்தது, 6.14லும் எல்லாம் சரியாயிற்று. அத்தை வீட்டில் இப்போது நாங்கள் அனுசரிக்கும் முறையைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் பிரயோசனப்படும்.

முதலாவது, எதைத் தொடுவதற்கு முன்னும் 'யூநேம் -ஆர்' என்று கட்டளை கொடுத்துப் பாருங்கள். இப்போது வேலையில் இருக்கும் கர்னல் யார் என்று நம்பரோடு சொல்லும். அவரை ஒரு நாளும் நீக்கக் கூடாது.

இரண்டாவது, பெரிய ஏட்டைத் தொடாதீர்கள். சின்ன ஏட்டைத் திருத்துமுன் அதற்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். திருத்திய பிறகு 'அப்டேட்-க்ரப்' கொடுக்க மறக்க வேண்டாம். மறந்தால் திருத்தியது திருத்தாதது போலத்தான்.

மூன்றாவது, புதுக் கர்னல் வந்தால் உடனே பெட்டியை அணைத்துப் போட்டுப் பாருங்கள், அவசரம் இல்லாத ஒரு நாளில். படம், சத்தம், வை-ஃபை, பிரிண்டர் எல்லாவற்றையும் ஒரு தடவை வேலை வாங்குங்கள். ஒரு வாரம் ஓடட்டும். அப்புறம்தான் பழையவர்களைப் பற்றிய பேச்சு.

நாலாவது, பழையவர்களை நீங்களே பொறுக்கி எடுத்து நீக்காதீர்கள். 'சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ்' என்ற கட்டளை அந்த வேலையை நம்மைவிட விவேகமாகச் செய்யும். ஓடிக்கொண்டிருக்கும் கர்னலையும் மிகப் புதிய கர்னலையும் அது தொடாது. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் குடும்பத்தில், வழக்கமாக மூன்று கர்னலுக்கு மேல் போனால் மிகப் பழையதைத் தானே வழியனுப்பிவிடும். உங்களுக்கு நம்பிக்கையான ஒரு பழைய கர்னலைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டுமானால், 'ஏபிடி-மார்க் மேனுவல்' என்று சொல்லி அதன் முழுப் பெயரையும் கொடுத்துவிடுங்கள். ஆட்டோரிமூவ் அதன் பக்கம் போகாது.

ஆனால் ஒன்று. பழையவரை வைத்துக்கொள்ளலாமே தவிர, அவரையே நிரந்தரமாக வேலை வாங்கக் கூடாது. புதுக் கர்னல்களில் பல திருடன் நுழையும் ஓட்டைகளை அடைப்பதற்காகவே வருகின்றன. பழையவரை உள்பட்டியலில் தேர்ந்தெடுத்து, மேலே சொன்ன ஞாபக ஏற்பாடும் இருந்தால், தினமும் அவரே தொடங்குவார். அடைத்த ஓட்டை உங்களுக்கு அடைபடாது. ஆபத்துக்கு உதவியவரை மறுபடி உள்ளே அனுப்பிவிட்டு, முதல் வரியைத் தேர்ந்தெடுத்து வையுங்கள்.

குப்பை சேர்ந்தால்தான் என்ன என்று கேட்கலாம். ஒவ்வொரு கர்னலும் அதன் துணைக் கோப்பும் சேர்ந்து ஏறக்குறைய நூறு மெகாபைட், சில சமயம் அதற்கு மேலும் பிடிக்கும். பெட்டி முழுவதையும் பூட்டி வைக்கும் ஏற்பாடு செய்த வீடுகளில் 'பூட்' என்பது தனிச் சின்ன அறையாக இருக்கும். அது நிரம்பிவிட்டால் அடுத்த புதுப்பிப்பு பாதியில் நின்றுபோகும். ஆகவே சேரவும் விடக் கூடாது. ஒரேயடியாக ஒழிக்கவும் கூடாது.

பட்டியலே கண்ணில் படவில்லை என்று சில வீடுகளில் சொல்வார்கள். உபுண்டு மட்டும் இருக்கும் பெட்டியில் அது ஒளிந்தேதான் இருக்கும். போட்டவுடன், புது மாதிரிப் பெட்டியில் எஸ்கேப் விசையையும், பழைய மாதிரியில் ஷிஃப்ட் விசையையும் அழுத்தினால் வரும். எஸ்கேப்பைப் படபடவென்று பல தடவை அழுத்தினால் கறுப்புத் திரையில் 'க்ரப்' என்று மட்டும் எழுதி நிற்கும். பயப்பட வேண்டாம்; 'நார்மல்' என்று தட்டினால் பட்டியல் திரும்பும். சின்ன ஏட்டில் 'க்ரப்_டைம்அவுட்_ஸ்டைல்' என்பதற்கு எதிரே 'மெனு' என்றும், 'க்ரப்_டைம்அவுட்' என்பதற்கு எதிரே 10 என்றும் எழுதினால் பத்து விநாடி நிதானமாகத் தரிசனம் தரும்.

பட்டியலில் விண்டோஸ் மட்டும் காணாமல் போனாலும் கலங்க வேண்டாம். விண்டோஸ் எங்கும் போய்விடவில்லை. 2021ல் வந்த க்ரப் 2.06 பதிப்பிலிருந்து, பக்கத்தில் வேறு யார் குடியிருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கும் வழக்கத்தைப் பாதுகாப்புக் கருதி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 'க்ரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்' என்பதற்கு எதிரே 'ஃபால்ஸ்' என்று எழுதி, அப்டேட்-க்ரப் கொடுத்தால் மறுபடி தேடிச் சேர்த்துக்கொள்ளும்.

நினைவகப் பரிசோதனையை மட்டும் அத்தை சம்மதத்தோடு பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். வாசலில் இப்போது நாலே பேர். உள்ளே இரண்டு கர்னல். இரண்டாமவரின் நம்பரை அத்தை தன் கையாலேயே ஒரு சீட்டில் எழுதி, திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

காலாண்டுப் பரீட்சையில் அந்த ஆறாவது பெண் கணக்கில் தேறிவிட்டாள். மார்க் அதிகமில்லை. ஆனால் திரிகோணமிதிக் கேள்வி இரண்டையும் சரியாகப் போட்டிருந்தாளாம். அத்தை டெலிபோனில் சொன்னாள். சொல்லிவிட்டு, "இன்றைக்கு ஏதோ புதுப்பிப்பு வந்திருக்கிறதடி. ஞாயிற்றுக்கிழமை வா, போடலாம். அன்றைக்குக் கிளாஸ் இல்லை" என்றாள்.